கேபிளும் குழாயும் அடிபடாமல் பள்ளம் தோண்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சொந்த இடத்தில் வேலிக்கால் நடுபவர், பொக்லைன் ஓட்டுபவர், பணியிட மேற்பார்வையாளர் மூவருக்குமானது. எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான்: மண்ணுக்குள் இருக்கும் லைனை, அது கேபிளோ குழாயோ, கண்ணால் பார்க்கும்வரை அதன் இடமும் ஆழமும் உங்களுக்குத் தெரியாது. வரைபடம், பெயின்ட் கோடு, கருவியின் ஒலி எல்லாமே எங்கே தேடவேண்டும் என்று சொல்லும் குறிப்புகள், அவ்வளவே.

ஓர் அடிதான் தோண்டப்போகிறோம். அதற்குமா இத்தனை ஏற்பாடு?

ஆமாம். ஓரடி ஆழத்தில் லைன் இராது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. புதைக்கும்போது ஆழமாகப் போட்டிருந்தாலும், பிறகு சாலையைச் சுரண்டிப் போடுகிறார்கள், மேட்டைச் சமப்படுத்துகிறார்கள், மழை மண்ணை அரிக்கிறது. லைன் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே இருந்த மண் போய்விடுகிறது. தரைமட்டத்தை உயர்த்திய இடத்தில் இதற்கு நேர்மாறாக, எதிர்பார்த்ததைவிட ஆழத்தில் கிடக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். கேபிள் புதைப்பதற்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1255, குறைந்தழுத்த மின்கேபிளுக்கு 0.75 மீட்டர், 11 கிலோவோல்ட் வரை 0.9 மீட்டர், 22, 33 கிலோவோல்ட் கேபிள்களுக்கு 1.05 மீட்டர் ஆழம் சொல்கிறது. 0.75 மீட்டரில் போட்ட கேபிளுக்கு மேலே 40 செ.மீ. மண்ணை அகற்றிச் சாலையைத் தாழ்த்தியிருந்தால், மிச்சம் 35 செ.மீ. மட்டுமே. ஒரே கொத்தில் எட்டிவிடும் ஆழம். பாறை குறுக்கிட்ட இடத்தில் ஒப்பந்ததாரர் ஆழத்தைக் குறைத்திருப்பார். வீட்டுக்குள் நுழையும் சர்வீஸ் லைனும் பில்லர் பாக்ஸில் (தெருவோர மின்பெட்டி) ஏறும் கேபிளும் எப்படியும் மேல்நோக்கி வளைந்தாக வேண்டும். வேலிக்கால், மரக்கன்று, பெயர்ப்பலகைக் கம்பம், எர்த் கம்பி அடிப்பது எல்லாம் தோண்டும் வேலைதான்.

யாரிடம், எப்போது கேட்கவேண்டும்?

மின்சாரம், எரிவாயு, குடிநீர், கழிவுநீர், தொலைத்தொடர்பு என்று அந்தப் பகுதியில் லைன் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும், வேலைக்குச் சில நாள் முன்பே கேட்க வேண்டும். பல நாடுகளில் இதற்குப் பொதுவான வழி உண்டு. அமெரிக்காவில் 811 என்ற எண். பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு மூன்று வேலைநாள் முன்னறிவிப்பு கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1100. இந்தியாவில் 2023 மார்ச்சில் தொடங்கிய ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி. ஒரே அழைப்பில் எல்லா நிறுவனங்களுக்கும் செய்தி போய்விட்டதாக நினைத்துவிடாதீர்கள். யாருக்கெல்லாம் போனது, யாரிடமிருந்து பதில் வந்தது என்று பெயர் வாரியாக எழுதி வையுங்கள். பதில் வராததை ‘லைன் இல்லை’ என்று எடுத்துக்கொள்வது, இந்தக் கட்டத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

விண்ணப்பிக்கும் முன் தோண்டப்போகும் பரப்பைத் தரையில் வெள்ளைப் பெயின்டால் கோடிட்டு விடுங்கள். குறிக்க வருபவர் ‘தெருவின் கிழக்குப் பக்கம்’ என்ற வார்த்தையை வைத்து ஊகிக்கும் நிலை வரக்கூடாது. பள்ளம் எங்கே என்பதோடு, மண் கொட்டும் இடம், கனரக வண்டி நிற்கும் இடம், பாதை மாறினால் போகக்கூடிய இடம் ஆகியவற்றையும் அந்தப் பரப்பில் சேருங்கள்.

அவர்கள் குறிப்பது தங்களுக்குச் சொந்தமான லைனை மட்டும்தான். பெரும்பாலும் அது மீட்டரோடு முடிந்துவிடும். மீட்டரைத் தாண்டி உள்ளே போகும் மோட்டார் கேபிள், போர்வெல் குழாய், தோட்ட விளக்குக் கம்பி, ஜெனரேட்டர் கேபிள், கேமரா வயர், செப்டிக் டேங்க் குழாய் எதையும் யாரும் வந்து குறிக்க மாட்டார்கள். இடத்தின் உரிமையாளரையும், பழைய எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வரைபடம் கையில் இருந்தாலும் போதாதா?

போதாது. எத்தனை லைன், எந்த வகை, தோராயமாக எந்தப் பக்கம் என்பதற்கு வரைபடம் உதவும். அளவுகோல் வைத்து தூரம் அளந்து அங்கே பக்கெட்டை இறக்குவதற்கு உதவாது. பல வரைபடங்கள் வேலை முடிந்தபின் வரைந்தவை அல்ல, வேலைக்கு முன் திட்டமாக வரைந்தவை. ‘மதில்சுவரிலிருந்து 1.2 மீட்டர்’ என்று எழுதியிருக்கும். அந்த மதிலையே பிறகு இடித்துப் பின்தள்ளிக் கட்டியிருப்பார்கள். வீடுகளுக்குப் பிரியும் சர்வீஸ் இணைப்புகளைப் பெரும்பாலும் வரைவதே இல்லை. படத்தில் நேர்கோடாக இருக்கும் கேபிள் நிஜத்தில் மரத்தையும் பாறையையும் சுற்றி வளைந்து போயிருக்கும். ஜாயின்ட் போட்ட இடத்தில் உபரி நீளத்தை வளையமாகச் சுற்றி வைத்திருப்பார்கள்.

வரைபடத்தைப் பயன்படுத்தச் சிறந்த வழி, அதில் இருப்பதை எண்ணுவது. மூன்று கேபிள் என்று படம் சொல்லி, நீங்கள் இரண்டைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றால், மூன்றாவது கிடைக்கும்வரை இயந்திரம் இறங்கக்கூடாது.

தரையைப் பார்த்தே ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். கருவியை எடுப்பதற்கு முன் தோண்டும் இடத்தையும் அதைச் சுற்றியும் ஒரு தடவை நடந்து பாருங்கள். மேன்ஹோல் மூடி, வால்வு பெட்டி, தெருவிளக்குக் கம்பம், பில்லர் பாக்ஸ், மீட்டர், மின்கம்பத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கேபிள், எரிவாயு அடையாளக் கம்பம் என ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு லைன் ஏதோ ஒரு பக்கம் போயாக வேண்டும். எந்தப் பக்கம் என்பதற்கு விடை கிடைக்கும்வரை விடாதீர்கள். நீளவாக்கில் அமுங்கிய மண், நிறம் மாறிய தார்ப்பட்டை, ஒரே கோடாகப் பச்சைபிடித்த புல் ஆகியவை பழைய பள்ளத்தின் தடம். அருகிலுள்ள விளக்குக்கு மேலே கம்பி இல்லையென்றால், கீழே இருக்கிறது.

பெயின்ட் நிறங்களுக்கு என்ன பொருள்?

வட அமெரிக்காவில் வழங்கும் முறையைப் பலரும் பின்பற்றுகிறார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயுவும் எண்ணெயும், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீரும் வடிகாலும், ஊதா மறுபயன்பாட்டு நீர், இளஞ்சிவப்பு தற்காலிக அளவைக் குறி, வெள்ளை தோண்டப்போகும் இடம். எல்லா நாட்டிலும் இது ஒன்றல்ல. ஆகவே உங்கள் பகுதியில் எந்த முறை என்று கேட்டு, அதன் படத்தைப் பணியிடத்தில் ஒட்டி வையுங்கள்.

இந்த நிறங்களெல்லாம் தரையில் அடிக்கும் குறிக்கு மட்டுமே. உள்ளே கிடக்கும் குழாயின் நிறத்தை வைத்து அது என்ன என்று முடிவு கட்டாதீர்கள். கையில் கிடைத்த குழாய்க்குள் கேபிளை இழுத்துவிடுவது எங்கும் நடப்பது. கறுப்புக் குழாய் தண்ணீரா மின்சாரமா என்று தெரியாவிட்டால் மின்சாரம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். துருப்பிடித்த இரும்புக் குழாயும் ‘பழைய தண்ணீர்க் குழாய்’ ஆகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

பெயின்ட் மழையில் கரையும், வண்டி ஏறி அழியும். குறித்த அன்றே நிலையான ஏதாவதொன்றிலிருந்து, மதில் மூலையோ கம்பமோ, தூரம் அளந்து படம் எடுத்து வைத்தால் அழிந்தாலும் கவலையில்லை. படமும் அளவும் இல்லாமல் குறி அழிந்துவிட்டால் வேலையை நிறுத்தி மறுபடி குறிக்கச் சொல்லுங்கள்.

லைனைத் தேடும் லொக்கேட்டர் கருவி ‘ஒன்றும் இல்லை’ என்றது. ஆனாலும் கேபிள் அறுந்தது. ஏன்?

கருவி கேபிளைப் பார்ப்பதில்லை. கேபிளில் ஓடும் மாறுமின்னோட்டம் சுற்றிலும் உண்டாக்கும் காந்தப்புலத்தைத்தான் உணர்கிறது. மின்னோட்டம் இல்லையென்றால் புலம் இல்லை, ஒலியும் இல்லை.

‘பவர்’ நிலையில் கருவி தேடுவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை. பகலில் தெருவிளக்குக் கேபிளில் லோடு கிடையாது. அதனால் அது கருவிக்குத் தெரியாமல் போகும். சுவிட்ச் அணைத்த மோட்டார் கேபிளும் அப்படியே. மின்னழுத்தம் இருந்தும் மின்னோட்டம் இல்லாத கேபிள் முழு ஆபத்தோடு மௌனமாகக் கிடக்கும். லோடு நன்றாகச் சமப்பட்ட மூன்று பேஸ் கேபிளில் மூன்றின் புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுவதால், பெரிய கேபிள்கூடச் சின்னதாக ஒலிக்கும். நேர்மின்னோட்டக் கேபிள் இந்த நிலையில் தெரியவே தெரியாது.

‘ரேடியோ’ நிலை, தொலைதூர வானொலி அலைகள் நீண்ட உலோகத்தில் தூண்டும் மின்னோட்டத்தைத் தேடுகிறது. நீளமான தொலைபேசிக் கேபிளும் இரும்புக் குழாயும் இதில் கிடைக்கும். குட்டையான சர்வீஸ் லைன் பெரும்பாலும் கிடைக்காது.

அதனால் இந்த இரண்டோடு நிறுத்தக்கூடாது. டிரான்ஸ்மிட்டரால் நாமே சிக்னல் செலுத்தித் தேடுவதுதான் உறுதியான முறை. அதற்கு மூன்று வழி.

நேரடி இணைப்பு: சிக்னல் கம்பியை உலோகக் குழாயிலோ, பிளாஸ்டிக் குழாயைத் தேட அதனோடு சேர்த்துப் புதைக்கும் ட்ரேசர் கம்பியிலோ மாட்டி, மறுமுனையை எர்த் கம்பியில் கொடுப்பது. எர்த் கம்பியை லைனுக்குச் செங்குத்தான திசையில் சில மீட்டர் தள்ளி அடியுங்கள். இடையில் வேறு லைன் வந்தால் சிக்னல் அதில் ஏறிவிடும். மின்சாரம் பாயும் கேபிளில் இப்படி மாட்டுவது அதற்குப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர் மட்டுமே செய்யும் வேலை.

கிளாம்ப்: கேபிளைச் சுற்றி வளையம் மாட்டுவது. இணைப்பைத் துண்டிக்காமலே சிக்னல் ஏறும். கேபிளின் இரு முனையும் எர்த் ஆகியிருந்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

தூண்டல்: டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்துவிடுவது. சுலபமான வழி, ஆனால் மூன்றிலும் நம்பகம் குறைந்தது. அருகில் உள்ள எல்லா லைனிலும் சிக்னல் ஏறும். ரிசீவர், அதாவது நீங்கள் கையில் பிடித்துத் தேடும் கருவி, அதிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் மண்ணுக்குள் எதுவும் இல்லாமலே டிரான்ஸ்மிட்டரிலிருந்து காற்று வழியே வரும் சிக்னலைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அலைவெண்ணிலும் கவனம் வேண்டும். 512 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவெண் நீண்ட தூரம் போகும், பக்கத்து லைனுக்கு அதிகம் தாவாது. 33 அல்லது 65 கிலோஹெர்ட்ஸ் எளிதில் ஏறும். அதே எளிமையில் பக்கத்து லைனுக்கும் தாவும். நெரிசலான இடத்தில் தாழ்ந்த அலைவெண்ணில் தொடங்கி, சிக்னல் ஏறவில்லையென்றால் மட்டும் உயர்த்துங்கள்.

மிச்சம் எல்லாம் கைப்பழக்கம். கருவியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், ஊஞ்சல் போல ஆட்டக்கூடாது. ஒரு திசையில் மட்டும் நடந்தால் உங்களோடு இணையாக ஓடும் லைன் தப்பிவிடும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு நடக்க வேண்டும். தோண்டத் தொடங்கிய பிறகும் ஒவ்வோர் 30 செ.மீ. ஆழத்துக்கும் பள்ளத்துக்குள் கருவியை இறக்கி மறுபடி பாருங்கள். மேலிருந்து கேட்காத சிக்னல் கிட்டப்போனதும் கேட்கும்.

கருவி ஆழமும் காட்டுகிறதே, அதை நம்பலாமா?

தோண்டும் முடிவுக்கு நம்பக்கூடாது. தனியாக, நேராக ஓடும் லைனுக்கு அந்த எண் ஓரளவு சரி. வளைவு, பிரிவு, இரண்டு லைன் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடம் என்றால் தாறுமாறாகும். அதுவும் அது சொல்வது புலத்தின் மையத்துக்கான ஆழம். குழாயின் மேற்பரப்பு அதைவிட மேலே இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கருவியைத் தரையில் வைத்து ஆழம் பாருங்கள். பிறகு 50 செ.மீ. உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். எண்ணும் 50 செ.மீ. கூட வேண்டும். கூடாவிட்டால் புலம் கலைந்திருக்கிறது. அதுபோல, லைனுக்கு நேர்மேலே ஒலி உச்சமாகும் நிலையிலும், ஒலி அடங்கும் நிலையிலும் கருவி காட்டும் இடங்கள் ஒன்றாக இல்லாமல் தள்ளியிருந்தால், பக்கத்தில் இன்னொரு லைன் இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

பிளாஸ்டிக் குழாயையும் ஃபைபரையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

உலோகம் இல்லாத எதையும் மேலே சொன்ன கருவி காட்டாது. குழாயோடு ட்ரேசர் கம்பி போட்டிருந்தால் அதில் சிக்னல் கொடுக்கலாம். கம்பி பாதியில் அறுந்திருந்தால் சிக்னல் அந்த இடத்தோடு நின்றுவிடும், குழாய் நிற்காது. காலி டக்ட் (கேபிள் இழுப்பதற்கான குழாய்), கழிவுநீர்க் குழாய் போன்றவற்றுக்குள் சோண்ட் என்ற சிறு டிரான்ஸ்மிட்டரைத் தள்ளி மேலிருந்து பின்தொடரலாம்.

அடுத்தது ஜிபிஆர் என்ற தரை ஊடுருவும் ரேடார். மண்ணிலிருந்து வேறுபடும் எதையும் காட்டவல்லது. காய்ந்த மணலில் அருமையாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் அலை மேலேயே உறிஞ்சப்பட்டு, ஒரு மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாமல் போகலாம். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குழாய் நன்றாகத் தெரியும். காய்ந்த மண்ணில் காற்று நிறைந்த குழாய் அவ்வளவாகத் தெரியாது. ஜிபிஆர் படத்தைப் படிப்பது தனிப் பயிற்சி. வாடகைக்கு எடுத்து அன்றே படிக்க முடியாது.

சோதனைக் குழி எங்கே, எத்தனை, எப்படிப் போடுவது?

உங்கள் பள்ளம் ஒரு லைனைக் குறுக்கே கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கட்டாயம். இணையாக ஓடினால் இரு முனையிலும், இடையில் சீரான தூரத்திலும், வளைவு வரும் இடத்திலும் போடுங்கள். இரண்டு குழிகளில் கிடைத்த இடத்தை நேர்கோட்டால் இணைத்து, நடுவிலும் லைன் அப்படியே போகிறது என்று எண்ணுவது தவறு. இரண்டு குழியிலும் ஆழம் வெவ்வேறாக இருந்தால் இடையில் மூன்றாவது தேவை.

குறியின் மேலேயே நின்று நேர்கீழாகத் தோண்டாதீர்கள். குறியிலிருந்து சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் இறங்கி, லைன் இருக்கக்கூடிய ஆழத்துக்கு வந்ததும் மண்ணைப் பக்கவாட்டில் சிறிது சிறிதாகச் சுரண்டி லைனை நோக்கிப் போங்கள். மேலிருந்து வரும் வெட்டில் உடம்பின் முழு எடையும் இருக்கும். பக்கவாட்டில் சுரண்டும்போது கை வேகம் மட்டுமே. எச்சரிக்கை டேப், செங்கல், ஓடு, கடப்பைக்கல், மண்ணின் நிறத்துக்கு ஒவ்வாத ஆற்றுமணல் கண்ணில் பட்டால் லைன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டேப் வழக்கமாகக் குழாய்க்கு 30 செ.மீ. போல மேலே இருக்கும். ஆனால் டேப் இல்லாததால் லைன் இல்லை என்றாகாது. பழைய லைன்களுக்கு டேப்பே போட்டதில்லை.

குறி காட்டிய இடத்தில் தோண்டியும் லைன் கிடைக்கவில்லையா? மூடிவிட்டு வேலையைத் தொடர வேண்டாம். அகலமாகவும் ஆழமாகவும் தேடுங்கள், லைனின் சொந்தக்காரரை அழையுங்கள். இல்லாத இடத்தில் இல்லை என்று தெரிந்ததே தவிர, எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு லைன் கிடைத்ததும் திருப்திப்பட்டு நிறுத்துவதும் இதே ரகம். அதன் கீழேயோ பக்கத்திலோ இன்னொன்று இருக்கலாம். குறித்த எண்ணிக்கையோடு கண்டதைச் சரிபாருங்கள்.

கண்டதும் லைனின் மேற்பரப்பு வரை ஆழம், வெளி விட்டம், வகை, எண்ணிக்கை, நிலையான புள்ளியிலிருந்து தூரம் ஆகியவற்றை அளந்து எழுதி, பக்கெட் ஓட்டுபவரிடம் நேரில் காட்டுங்கள்.

கடப்பாரையும் மம்பட்டியும் கைக்கருவிதானே? கையால் தோண்டினால் ஆபத்தில்லையே?

கையால் தோண்டும்போதும் லைன்கள் அறுகின்றன, கேபிள் வெடித்து முகமும் கையும் கருகுகின்றன. கடப்பாரையின் முழு எடையும் விரல் நுனியளவு கூரில் இறங்குகிறது. அது கேபிளின் கவசத்தைத் துளைத்து பேஸையும் எர்த்தையும் இணைத்தால் அங்கே தோன்றும் மின்வில் தாமிரத்தையே ஆவியாக்கும். ஓங்கிக் கொத்தும் மம்பட்டி, பிக்காசு, குந்தாலி எல்லாமே குறிக்கு அருகில் ஒதுக்க வேண்டியவை.

தேவை: முனை வளைந்த, காலால் அழுத்தும் ஷவல், மின்காப்புள்ள பிடி, கொத்துக் கரண்டி, கெட்டியான தூரிகை. காலால் மெதுவாக அழுத்துங்கள், ஏறிக் குதிக்க வேண்டாம். மண் இறுகியிருந்தால் தண்ணீர் விட்டு ஊறவைத்துத் தொடருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, கண்ணாடி, கையுறை, பூட்ஸ். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டும்.

தண்ணீரையோ காற்றையோ பீச்சி மண்ணை இளக்கி உறிஞ்சும் இயந்திரத்தால் தோண்டுவது முற்றிலும் பாதுகாப்பா?

கைக்குச் சமமாக, பல மண்ணில் கையைவிட நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர்ப் பீச்சலின் அழுத்தம் அதிகமானாலோ, முனை ஒரே இடத்தில் நின்றாலோ கேபிளின் உறையும் குழாயின் பூச்சும் வெட்டுப்படும். முனையை அசைத்துக்கொண்டே இருங்கள். லைனைக் கண்டதும் அதன்மேல் நேராகப் பாய்ச்சாதீர்கள். பழைய கேபிள் என்றால் காற்றுப் பீச்சல் நல்லது. களிமண்ணில் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொக்லைன் எவ்வளவு நெருங்கலாம்?

உங்கள் பகுதிச் சட்டமும் லைனின் சொந்தக்காரரும் சொல்லும் தூரமே இறுதி. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் லைனின் வெளிவிளிம்பிலிருந்து இருபுறமும் 45 முதல் 60 செ.மீ. வரை இயந்திரம் விலக்கப்பட்ட பகுதி. பிரிட்டனின் எச்எஸ்ஜி 47 வழிகாட்டி, குறித்த மின்கேபிளுக்கு 0.5 மீட்டருக்குள் கையில் பிடித்துக் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் போன்றவற்றைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது. உயரழுத்த எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்கு இதைவிடப் பல மடங்கு தூரமும், சொந்தக்காரரின் ஆள் நேரில் நிற்பதும் தேவைப்படும்.

‘வெளிவிளிம்பு’ என்ற சொல்லைத்தான் பலர் கவனிப்பதில்லை. தரையில் உள்ள கோடு குழாயின் நடுவைக் காட்டுவது. 30 செ.மீ. விட்டக் குழாய் என்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு 15 செ.மீ., அதன்மேல் 60 செ.மீ.; ஆக கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 75 செ.மீ., மொத்தம் 1.5 மீட்டர் அகலம். கோட்டிலிருந்து 60 செ.மீ. அளந்தவர் தனக்கே தெரியாமல் 15 செ.மீ. உள்ளே போய்விடுகிறார்.

அருகில் வேலை செய்யும்போது பல் இல்லாத பக்கெட் போடுங்கள், ஒரு தடவைக்கு 10 செ.மீ.க்கு மேல் வாராதீர்கள். ஒருவர் பள்ளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது, கைபேசியும் கூடாது. அவர் கை தூக்கினால் பக்கெட் அந்த நொடியே நிற்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம். பக்கெட்டில் ஏதாவது பிடிபட்டால் இழுத்துப் பார்க்காதீர்கள். வேராக இருக்கலாம், கேபிளாகவும் இருக்கலாம்.

கேபிள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது. உடைக்கலாமா?

மின்சாரத்தைத் துண்டித்து, அதை அதன் சொந்தக்காரர் எழுத்தில் உறுதிசெய்யும்வரை உடைக்கக்கூடாது. பிரேக்கரின் உளி கான்கிரீட்டைக் கடந்ததும் தடையின்றிப் பாயும். அந்தக் கணம் நிறுத்த எந்தக் கையாலும் முடியாது.

பள்ளமே வெட்டாமல் துளையிட்டு இழுக்கும் முறையில் இந்தக் கவலை இல்லைதானே?

அதிகம். துளைமுனை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கடக்கும் ஒவ்வொரு லைனையும் முதலில் சோதனைக் குழியால் திறந்து, துளைமுனை கடப்பதைக் கண்ணால் பாருங்கள். முனை தப்பிப் போனபின் ‘சரியாகிவிட்டது’ என்று குழியை மூடாதீர்கள். துளையை அகலப்படுத்தத் திரும்பி வரும் ரீமர் அதைவிடப் பெரியது. முதல் தடவை 10 செ.மீ. இடைவெளியில் தப்பிய லைன் இரண்டாம் தடவை மாட்டும்.

கழிவுநீர்க் குழாய் தனி ஆபத்து. எரிவாயுக் குழாய் அதைத் துளைத்துக்கொண்டு போயிருந்தாலும் அன்று யாருக்கும் தெரியாது. என்றோ ஒருநாள் சாக்கடை அடைக்கும். அடைப்பெடுக்க வெட்டுக்கத்தி விடுவார்கள். அது எரிவாயுக் குழாயை வெட்டும், வாயு சாக்கடை வழியே வீட்டுக்குள் ஏறும். துளையிடுவதற்கு முன்னும் பின்னும் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதே இதற்கு ஒரே மருந்து.

எரிவாயுக் குழாய் உடைந்துவிட்டது. என்ன செய்வது?

ஓட்டுபவர் ஒரே அசைவில் என்ஜினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு இறங்கட்டும். வாயு இயந்திரத்தைச் சூழ்ந்துவிட்டால் எதையும் தொடாமல் விலக வேண்டும்; டீசல் என்ஜின் காற்றோடு வாயுவையும் உறிஞ்சினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகமெடுக்கும். எல்லோரையும் காற்று வீசிவரும் திசைப் பக்கமாக வெளியேற்றுங்கள். அருகிலுள்ள கட்டடங்களையும் காலி செய்யுங்கள், ஏனென்றால் வாயு மண் வழியாகவும் டக்ட் வழியாகவும் சுவருக்குள் புகும். விளக்கு சுவிட்ச், காலிங் பெல் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தூரம் போனபிறகே தீயணைப்புத் துறையையும் எரிவாயு நிறுவனத்தையும் அழையுங்கள்.

செய்யக்கூடாதவை இன்னும் முக்கியம். குழாயைத் துணியால் அடைப்பது, மடக்கிக் கட்டுவது, மண்ணைத் தள்ளி மூடுவது, தெரிந்த வால்வு என்று திருகுவது எதுவும் கூடாது. வாயு பீறிடும் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். விரல் பட்டால் பொறி. தீப்பிடித்து எரிந்தால் அணைக்காதீர்கள், சுற்றிலும் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்தால் எரியாத வாயு சேர்ந்து, பிறகு ஒரே அடியாக வெடிக்கும்.

மணம் இல்லை என்பதை நம்பாதீர்கள். சேர்த்த மணப்பொருளை மண் உறிஞ்சிவிடக்கூடும். பக்கெட் குழாயை இழுத்து விட்டிருந்தால், உங்கள் கண்முன் கசிவே இல்லாமல், வீட்டுச் சுவரோரத்தில் இருக்கும் இணைப்பு கழன்றிருக்கலாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலேயே தேங்கும், இறங்காதீர்கள்.

மின்கேபிளில் பக்கெட் பட்டுவிட்டது. ஓட்டுபவர் இறங்கலாமா?

கூடாது. இருக்கையிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் பக்கெட்டைக் கேபிளிலிருந்து விலக்கி வண்டியைப் பின்னே எடுக்கலாம். மற்றவர்கள் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். யாரும் வண்டியைத் தொடக்கூடாது. வண்டி தீப்பிடித்தால் மட்டுமே இறங்க வேண்டும்: இரண்டு கால்களையும் சேர்த்து, வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி வெளியே குதித்து, கால்களைச் சேர்த்தபடியே சிறு தத்தலாக விலகுங்கள். எட்டி நடந்தால் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வந்து உடம்பு வழியே மின்சாரம் பாயும்.

பொறி ஓய்ந்து அமைதியானால் கேபிள் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மின்சாரம் தானாகவோ, நிலையத்தில் இருப்பவராலோ மீண்டும் வரலாம்.

ஃபைபர், தண்ணீர், கழிவுநீர் லைன்கள் உடைந்தால்?

ஃபைபரின் வெட்டு முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். உள்ளே ஓடும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாய் என்றால் பள்ளத்திலிருந்து உடனே ஏறுங்கள், சுவர் சரியும். பக்கத்தில் மின்கேபிள் திறந்திருந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். கழிவுநீரும் குடிநீரும் ஒரே பள்ளத்தில் உடைந்தால் குடிநீர் நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள், அழுத்தம் குறைந்த குடிநீர்க் குழாய் அழுக்கை உள்ளிழுக்கும்.

லேசான கீறல்தான், கசிவு இல்லை. மூடிவிடலாமா?

மூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எஃகுக் குழாயின் மேற்பூச்சு உரிந்த இடத்தில் அன்றே அரிப்பு தொடங்கிவிடும். பல் பட்டு உண்டான பள்ளத்தில் உலோகம் மெலிந்து கடினப்பட்டு, அழுத்தம் ஏறி இறங்க விரிசல் வளரும். கேபிளின் உறையில் விழுந்த ஊசிமுனைத் துளை வழியே ஈரம் போய், பல மாதம் கழித்து மழைக்காலத்தில் கேபிள் வெடிக்கும். 2004 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிலென்கியன் என்ற ஊரில் உயரழுத்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். அதற்கு முன் நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் குழாயைச் சேதப்படுத்தியிருந்தது. 1999 ஜூன் 10 அன்று அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் பெட்ரோல் குழாய் உடைந்து தீப்பிடித்து மூவர் இறந்தார்கள். அந்தக் குழாய் ஐந்தாண்டுக்கு முன் நடந்த தோண்டும் வேலையில் அடிபட்டது.

கீறலைப் படமெடுத்து, இடத்தைத் திறந்தபடியே காவலோடு வைத்து, சொந்தக்காரரை அழையுங்கள். வேலையாள் உண்மையைச் சொன்னதற்காகத் திட்டும் மேற்பார்வையாளர், அடுத்த கீறலை மண் போட்டு மூடக் கற்றுக்கொடுக்கிறார். கீறலைச் சொன்னவருக்குக் கூலி பிடிக்கக்கூடாது.

வெளியே தெரியும் லைனை எப்படித் தாங்குவது, எப்படி மூடுவது?

பள்ளத்தின் குறுக்கே கட்டையோ இரும்புச் சட்டமோ வைத்து, அகலமான பட்டைத் துணியால் தொட்டில் போலத் தாங்குங்கள். கம்பியும் கயிறும் உறையை அறுக்கும். கேபிளைப் படியாக மிதிப்பது, ஒதுக்கி வைக்க இழுப்பது, கம்பியால் கட்டித் தொங்கவிடுவது கூடாது. ஜாயின்ட் இருக்கும் இடத்துக்கு இரட்டிப்புக் கவனம். பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்குக் கீழே மண்ணை எடுத்தாலே, யாரும் தொடாமலே அது முறியலாம்.

மூடும்போது முதலில் அடிமண்ணைக் கெட்டிப்படுத்துங்கள், இல்லையென்றால் பின்னர் அமுங்கி லைனைத் தொங்கவிடும். லைனைச் சுற்றிலும் 15 செ.மீ. போலக் கல்லில்லாத மணல். தோண்டி எடுத்த கான்கிரீட் துண்டும் கருங்கல்லும் அதன்மேல் விழக்கூடாது. எடுத்த ஓடுகளை இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். சுமார் 30 செ.மீ. மேலே புதிய எச்சரிக்கை டேப். லைனுக்கு மேலே 30 செ.மீ. மண் சேரும்வரை கையால் மட்டுமே தட்டுங்கள், அதன்பிறகே இயந்திரம். அறுந்த ட்ரேசர் கம்பியை ஈரம் புகாத இணைப்பானால் சேர்த்து, சிக்னல் கொடுத்துச் சோதித்த பின்னரே மண்ணைத் தள்ளுங்கள்.

மூடுவதற்கு முன் அளவுகோலோடு ஒரு படம் எடுத்து, ஆழத்தையும் நிலையான இரண்டு புள்ளிகளிலிருந்து தூரத்தையும் எழுதி லைனின் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். அவர்களுடைய வரைபடத்தில் இருந்த பிழையை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அதைத் திருத்தக்கூடிய ஆள் அந்த நேரத்தில் நீங்கள் ஒருவர்தான்.